ஹேக்கர் வேறு, உள்ளே புகுந்தவர் வேறா?

கேள்வி இதுதான்: "செய்தியில் தினமும் 'ஹேக்கர்கள் கைவரிசை' என்று போடுகிறார்கள். லினக்ஸ் ஆட்களோ, 'ஹேக்கர் நல்ல வார்த்தை, திருடனுக்குப் பெயர் கிராக்கர்' என்று சண்டைக்கு வருகிறார்கள். உண்மையில் என்ன வித்தியாசம்? எத்திக்கல் ஹேக்கிங் கற்றுக்கொண்டால் போலீஸ் பிரச்சினை வருமா?"

முதலில் ஒரு சிக்கலை அவிழ்த்துவிடலாம். ஹேக்கர், ஊடுருவியவர் என்ற இரண்டையும் எதிரெதிர்ச் சொற்களாகப் பார்ப்பதால்தான் குழப்பமே வருகிறது. 'கை தேர்ந்த தச்சர்' என்பது ஒருவருடைய தொழில்திறமையைச் சொல்கிறது. 'பூட்டை உடைத்தவர்' என்பது அவர் செய்த காரியத்தைச் சொல்கிறது. தச்சரே பூட்டை உடைக்கலாம். பூட்டை உடைத்தவருக்கு உளி பிடிக்கவே தெரியாமலும் இருக்கலாம். ஹேக்கர் முதல் வகைச் சொல், ஊடுருவியவர் இரண்டாம் வகை. ஒரே ஆள் இரண்டாகவும் இருந்த வழக்குகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால்தான் கோடு எங்கே விழுகிறது என்று தெரியும்.

சொல்லின் ஊர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம். அங்கே பொம்மை ரயில் மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் ரிலேக்களையும் ஒயர்களையும் கவனித்துக்கொண்ட பிரிவில், சாமர்த்தியமான ஒரு வேலையை 'ஹேக்' என்பார்கள். பெரிய பயன் எதுவும் இருக்க வேண்டியதில்லை, செய்த விதத்தில் ஒரு நயம் இருந்தால் போதும். 1959இல் அந்தச் சங்கத்துக்கென்று எழுதப்பட்ட சொற்பட்டியலிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. அதே ஆட்கள்தான் பிறகு கணினி அறைக்குள் போனார்கள். 1961இல் அங்கே வந்த பிடிபி-1 கணினியின் அடிப்படை நினைவகம் 18 பிட் கொண்ட 4,096 சொற்கள், இன்றைய கணக்கில் சுமார் 9 கிலோபைட். அந்த இடத்துக்குள் அடக்க வேண்டுமானால் ஒவ்வொரு கட்டளையாகச் செதுக்கிக் குறைக்க வேண்டும். 1962இல் அந்த இயந்திரத்தில் எழுதிய விண்வெளிச் சண்டை விளையாட்டு இந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான். ஹேக்கர் என்றால் அங்கே இதுதான் பொருள்: எந்திரம் எப்படி ஓடுகிறது என்று கடைசித் திருகாணி வரை தெரிந்துகொண்டு, அதைச் செய்தவர் நினைக்காததையும் செய்ய வைப்பவர்.

"பத்திரிகைக்காரர்கள்தான் நல்ல சொல்லைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒரு கதை சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எம்ஐடியின் மாணவர் பத்திரிகையே 1963 நவம்பரில், 'ஹேக்கர்கள்' பல்கலைக்கழகத் தொலைபேசி இணைப்புகளில் புகுந்து விளையாடியதால் சில வசதிகளைக் குறைக்க நேர்ந்தது என்று எழுதியிருக்கிறது. ஹார்வர்டுக்குப் போகும் இணைப்புகளை எல்லாம் அடைத்து வைத்துக்கொண்ட குறும்பு அது. ஆக, பிறந்த வீட்டிலேயே இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் இருந்தது. வெளியுலகம் கெட்ட முகத்தை மட்டும் கேட்டறிந்தது 1983இல்.

அந்த ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் சில இளைஞர்கள் பிடிபட்டார்கள். ஊரின் தொலைபேசிக் குறியீடு 414 என்பதால் தங்களையும் அப்படியே அழைத்துக்கொண்டார்கள். அணு ஆயுத ஆய்வு நடக்கும் லாஸ் அலமோஸ் ஆய்வகம், நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை, ஒரு வங்கி எனப் பல இடங்களின் கணினிகளுக்குள் போயிருந்தார்கள். எப்படிப் போனார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். டயல் செய்து இணைந்து, கணினி நிறுவனம் விற்கும்போதே வைத்துத் தரும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டுப் பார்த்தார்கள். யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால் திறந்தது. எம்ஐடி ஆட்கள் இதை ஹேக் என்று சொல்லியிருக்கவே மாட்டார்கள், இதில் கைத்திறமை எங்கே இருக்கிறது? ஆனால் நாடு முழுக்க வெளியான செய்திகளில் அவர்கள்தான் 'ஹேக்கர்கள்'. மருத்துவமனையில் தங்கள் தடயத்தை மறைக்கப் பில் கணக்குப் பதிவுகளை அழித்ததில் சுமார் 1,500 டாலர் நஷ்டம். கணினிக்குள் புகுவதற்கென்று தனிச் சட்டம் அப்போது சரியாக இல்லை. கடைசியில் சிலர் மேல் நின்றது தொலைபேசியில் தொந்தரவு செய்த குற்றம் மட்டும்தான்.

யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், கணினித் துறையின் உயர்ந்த விருதான டியூரிங் விருதை 1983ஆம் ஆண்டுக்காக ஏற்றுப் பேசியபோது, இந்தப் பையன்களை வீரர்கள் போலக் கொண்டாடுவதைக் கண்டித்தார். பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தால் என்ன அவமானமோ, அதே அவமானம் கணினிக்குள் நுழைந்தாலும் இருக்க வேண்டும் என்றார். கதவு பூட்டாமல் கிடந்தது என்பது சாக்கு ஆகாது என்பது அவர் கட்சி. ஹேக்கர்களுக்கெல்லாம் ஹேக்கர் என்று மதிக்கப்படும் மனிதர் சொன்னது இது. ஹேக்கர் உலகம் என்றாலே அத்துமீறலுக்கு ஆதரவு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கோபத்தில்தான் 1985 வாக்கில் 'கிராக்கர்' என்ற மாற்றுச் சொல் கிளம்பியது. 1993 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 1392 என்ற இணையச் சொற்களஞ்சியம் இரண்டையும் பிரித்தே விளக்கம் கொடுத்தது: கணினியின் உள்வேலையை நெருக்கமாக அறிவதில் மகிழ்பவர் ஹேக்கர், அனுமதியில்லாமல் நுழைய முயல்பவர் கிராக்கர். ஆனால் சொல் ஓடவில்லை. நம் பக்கம் அது ஓட வாய்ப்பே இல்லை. 'கிராக்' என்றால் தமிழ்நாட்டில் பணம் கட்டாமல் போட்ட மென்பொருள், இல்லையென்றால் மறை கழன்ற ஆள். கிராக்கர் என்றால் பிஸ்கட். தமிழில் 'கொந்தர்' என்று ஒரு சொல்லைப் புழங்கவிட்டார்கள். கொந்துதல் என்றால் கொத்துவது, குத்துவது. ஆங்கிலச் சொல்லின் வெட்டுகிற பொருளுக்கு அது நெருக்கம்தான், ஆனால் செதுக்குகிற பொருள் அதில் வராமல் போய்விட்டது. கெட்டவர்களுக்கு 'ஊடுருவி' என்றோ 'அத்துமீறி நுழைந்தவர்' என்றோ சொல்லிவிட்டால் சண்டையே இல்லை. ஆளைப் பற்றிய தீர்ப்பைத் தள்ளி வைத்துவிட்டு, செய்த காரியத்தை மட்டும் அது சொல்கிறது.

சொல்லை விட்டுவிட்டுச் செயலுக்கு வருவோம். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1986இல் கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் உதைத்தது. யாரோ ஒன்பது விநாடி பயன்படுத்திவிட்டுக் காசு கட்டவில்லை. கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் அதைத் துருவிக்கொண்டே போய், மேற்கு ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து நுழைந்துகொண்டிருந்த மார்கஸ் ஹெஸ்ஸைக் கண்டுபிடித்தார். ராணுவத் தகவலைத் தேடி எடுத்து சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கூட்டம் அது. ஹெஸ் நுழைந்த ஓட்டை குனு ஈமேக்ஸ் என்ற எடிட்டரோடு வந்த ஒரு சின்ன நிரல். வந்த அஞ்சலைப் பொதுப் பெட்டியிலிருந்து பயனரின் இடத்துக்கு நகர்த்துவதுதான் அதன் வேலை. அந்த ஆய்வகத்தில் அதை ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு, நிறுவியிருந்தார்கள். எங்கிருந்து எங்கே நகர்த்துகிறோம் என்று அது சரிபார்க்கவில்லை. கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓட்டும் ஒரு நிரல் உண்டு. அதன் இடத்தில் தன் போலி நிரலைக் கொண்டுபோய் வைத்தார் ஹெஸ். ஐந்து நிமிடத்துக்குள் முழு அதிகாரமும் கைக்கு வந்துவிட்டது.

ஈமேக்ஸ் எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எம்ஐடி ஹேக்கர் மரபின் நேர் வாரிசு, கணினியில் கடவுச்சொல்லே வைக்கக்கூடாது என்று வாதாடியவர். நம்பிக்கையுள்ள நாலு பேர் இருக்கும் அறையில் அந்தத் தாராளம் சரிதான். அதே நிரல் முகம் தெரியாத ஆயிரம் பேர் வந்துபோகும் கணினியில் உட்கார்ந்தபோது, அந்தத் தாராளமே திறந்த கதவாகிவிட்டது. ஹேக்கர்களை எப்போதும் பாதுகாப்பின் காவலர்களாகச் சித்திரிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னும் சிக்கலான வழக்கு 1988 நவம்பர் 2 அன்று நடந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ், தானாகப் பரவும் ஒரு நிரலை எம்ஐடி கணினி ஒன்றிலிருந்து அவிழ்த்துவிட்டார். அதன் ஒரு வழியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். 'ஃபிங்கர்' என்ற சேவை, இன்னார் கணினியில் இருக்கிறாரா என்று கேட்டால் பதில் சொல்லும். கேள்வியை வாங்கிவைக்க அது ஒதுக்கிய இடம் 512 பைட். வாங்கப் பயன்படுத்திய சி மொழிச் செயல்கூறு, வருவது எவ்வளவு நீளம் என்று பார்க்காது, வந்ததையெல்லாம் கொட்டிக்கொண்டே போகும். மோரிஸின் நிரல் 536 பைட் அனுப்பியது. கூடுதலான 24 பைட் பக்கத்து நினைவகத்தில் வழிந்து, 'வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது' என்ற முகவரியின் மேல் உட்கார்ந்தது. திரும்பிப் போகவேண்டிய நிரல், மோரிஸ் அனுப்பிய கட்டளைக்குள் போய் விழுந்தது. வாக்ஸ் கணினிகளில் இது வேலை செய்தது. சன் கணினிகளில் நினைவக அமைப்பு வேறு என்பதால் அந்தச் சேவை நொறுங்கி விழுந்ததோடு சரி. இதுபோக அஞ்சல் நிரலில் திறந்துவிடப்பட்டிருந்த பிழைதிருத்த வழி, ஒன்றையொன்று நம்பும் கணினிகள், 432 சொற்கள் கொண்ட ஒரு கடவுச்சொல் பட்டியல் என வேறு வழிகளும் வைத்திருந்தார்.

எதையும் அழிக்கும் கட்டளை அதில் இல்லை. பிறகு ஏன் ஆயிரக்கணக்கான கணினிகள் முடங்கின? ஏற்கெனவே புகுந்த கணினியில் மறுபடி புகக்கூடாது என்று ஒரு சோதனையை வைத்திருந்தார். ஆனால் 'நான் ஏற்கெனவே இருக்கிறேன்' என்று நிர்வாகிகள் பொய்யாகச் சொல்ல வைத்து நிரலை ஏமாற்றிவிடுவார்களே என்று, ஏழில் ஒருமுறை அந்தப் பதிலைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும்படி எழுதினார். அந்த ஏழில் ஒன்று கணக்கில்தான் கோட்டை விட்டார். ஒரே கணினியில் பத்து, இருபது பிரதிகள் குவிந்து, வேறு எதற்கும் மூச்சுவிட இடமில்லாமல் போனது. தடுக்கும் வழியைச் சொல்லி நண்பர் ஒருவர் அனுப்பிய செய்தியும், நெரிசலில் சிக்கி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. சுமார் 6,000 கணினிகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 1986இல் வந்த அமெரிக்கக் கணினி மோசடிச் சட்டத்தில் நடுவர் குழு முன் குற்றவாளியான முதல் ஆள் மோரிஸ்தான். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். பின்னால் அவர் எம்ஐடியிலேயே பேராசிரியர் ஆனார்.

அவர் ஹேக்கரா, ஊடுருவியவரா? இரண்டும்தான். நிரலின் கைவண்ணம் ஹேக்கருடையது. மற்றவர் கணினியில் கேட்காமல் ஓட்டியது ஊடுருவல். 'கெடுதல் செய்ய நினைக்கவில்லை' என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், காரியத்தின் பெயரை மாற்றாது. இன்றைக்கும் கல்லூரிப் பையன்கள் "சும்மா டெஸ்ட் பண்ணேன் சார்" என்று சொல்லும்போது சொல்வது இதையேதான்.

அனுமதி இருந்தால் ஹேக்கர், இல்லாவிட்டால் ஊடுருவியவர் என்று இப்போது சட்டென்று சொல்லத் தோன்றும். அந்த அளவுகோலும் ஓரிடத்தில் வளைகிறது. எக்ஸ்இசட் என்பது லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் ஒரு நூலகம். ஒரே ஒருவர், சம்பளமில்லாமல், பல ஆண்டுகள் பராமரித்துவந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஓர் ஆள் நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்ப ஆரம்பித்தார். வேறு சில பெயர்களில் இருந்தவர்கள், "வேலை தாமதமாகிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்று நெருக்கினார்கள். களைத்துப்போயிருந்த பராமரிப்பாளர் ஜியா டானுக்கு உரிமை கொடுத்தார். 2024 பிப்ரவரி, மார்ச்சில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, இருந்தது.

மறைத்த விதம் தேர்ந்த கை. எல்லோரும் பார்க்கும் மூலநிரலில் அதன் தொடக்கக் கண்ணி கிடையாது, வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் சேர்க்கப்பட்ட ஒரு கட்டுமான வரியில் இருந்தது. அந்த வரி, சோதனைக்கென்று வைத்திருந்த 'கெட்டுப்போன மாதிரிக் கோப்பு'க்குள்ளிருந்து மிச்சத்தை உருவி எடுத்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவைக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. சில லினக்ஸ் வழங்கல்கள் எஸ்எஸ்எச்சோடு, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தைக் கோத்திருந்தன, அந்த நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்துக்கொண்டு வந்தது. அந்த ஓரத்து வழியாக உள்ளே போய், தன்னிடம் இருக்கும் சாவிக்கு மட்டும் திறக்கிற மாதிரி பூட்டும் போட்டிருந்தார் அந்த ஆள். வேறு திருடர்கள்கூட அதைப் பயன்படுத்த முடியாது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயுண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்களில் ஒருவர். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின், இன்னும் நிலைபெறாத 'சிட்' பதிப்பில் தன் தரவுத்தளத்தின் வேகத்தை நுணுக்கமாக அளந்துகொண்டிருந்தார். அதற்காகக் கணினியை அமைதிப்படுத்தும்போது, எஸ்எஸ்எச் சேவை காரணமில்லாமல் பிராசசரைத் தின்பது கண்ணில் பட்டது. நுழைய முயலும்போது 0.299 விநாடியில் முடியவேண்டியது 0.807 விநாடி எடுத்தது. அரை விநாடிதான். நூறில் தொண்ணூற்றொன்பது பேர் 'நெட்டு ஸ்லோ' என்று விட்டிருப்பார்கள். அவர் தோண்டினார். சில வாரங்களுக்கு முன் நினைவகச் சோதனைக் கருவி ஒன்று காட்டிய விநோதப் பிழைச்செய்திகளை இதோடு முடிச்சுப் போட்டுப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேர்வதற்கு முன்பே தடுத்தாயிற்று.

இங்கே ஊடுருவியவர் கையில் முறைப்படி கொடுத்த அனுமதி இருந்தது. ஆனால் எதற்காகக் கொடுத்தார்களோ அதற்கு எதிராகப் பயன்பட்டது. ஆகவே அளவுகோலை இப்படித் திருத்திக்கொள்ளலாம்: கணினிக்குச் சொந்தக்காரர் முழு உண்மையும் தெரிந்து சம்மதித்த எல்லைக்குள் நடந்ததா? ஃப்ராயுண்ட் தோண்டியது அவருடைய சொந்தக் கணினியில். திறமை என்று எடுத்தால், இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

நல்ல ஹேக்கருக்கு வெள்ளைத் தொப்பி, கெட்டவருக்குக் கறுப்புத் தொப்பி என்று பிரிக்கும் வழக்கம் எனக்கு அவ்வளவாக ஒப்பாதது இதனால்தான். தொப்பி ஆளின் தலையில் நிரந்தரமாக இருப்பதுபோல ஒரு மயக்கத்தைத் தருகிறது. 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல் பரவியபோது, அதன் நிரலுக்குள் இருந்த ஒரு இணைய முகவரியைக் கவனித்துப் பதிவு செய்ததன் மூலம் பரவலை நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞர். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் கைதானார். பல ஆண்டுகளுக்கு முன் வங்கிக் கடவுச்சொற்களைத் திருடும் குரோனோஸ் என்ற தீநிரலை எழுதியதற்காக. 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி மேற்கொண்டு சிறை விதிக்காமல் ஓராண்டு கண்காணிப்போடு விட்டார். இவருக்கு எந்த நிறத் தொப்பி? செய்த காரியங்களுக்குத் தனித்தனியாகப் பெயர் வைத்தால் குழப்பமே இல்லை.

தினசரி வாழ்க்கையில் "என் வாட்ஸ்அப் ஹேக் ஆயிடுச்சு" என்று வருவதில் பெரும்பாலும் ஹேக்கிங் கடுகளவும் இருக்காது. தெரிந்த ஆள் பெயரில் செய்தி வரும்: "தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்க கோடு வந்திருக்கும், அனுப்புங்க." அனுப்பியதும் உங்கள் கணக்கு அவர் போனில் திறக்கும். அல்லது போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஒரு செயலிக் கோப்பு வரும். அதை நிறுவி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், வங்கி ஓடிபி அவருக்கும் போகும். 414 பையன்களின் வேலைதான் இது, வேஷம் மட்டும் மாறியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்கு ஒரு பின் எண் வைத்துவிட்டால் அந்த ஆறு இலக்கம் மட்டும் போதாது. 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் தெரியாத கணினி இருந்தால் அங்கேயே வெளியேற்றலாம். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930க்கு உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்தி வைக்க அந்த முதல் சில மணி நேரம்தான் உதவும்.

இனி போலீஸ் பற்றிய கேள்வி. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தபோது 66ஆம் பிரிவின் தலைப்பிலேயே 'ஹேக்கிங்' இருந்தது. நஷ்டம் விளைவிக்கும் எண்ணத்தோடோ, விளையும் என்று தெரிந்தோ தகவலை அழித்தால், மாற்றினால், அதன் மதிப்பைக் குறைத்தால் அது 'ஹேக்'. 2008இல் நிறைவேறி 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டது. இப்போது 66ஆம் பிரிவு 'கணினி தொடர்பான குற்றங்கள்' பற்றியது. 43ஆம் பிரிவில் சொன்ன காரியங்களை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

43ஆம் பிரிவைத் தனியாகப் படிக்க வேண்டும். பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் நுழைவது, தகவலை இறக்கிக்கொள்வது, வைரஸ் புகுத்துவது, மற்றவர் பயன்படுத்த முடியாமல் தடுப்பது எல்லாம் அதில் வரும். அதற்கு மோசடி நோக்கம் தேவையில்லை. நஷ்டஈடு கேட்டு மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் வழக்காடலாம், 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அவரே விசாரிப்பார். அதாவது "நல்லதுக்குத்தான் செய்தேன்" என்பது ஜெயிலிலிருந்து காப்பாற்றலாம், நஷ்டஈட்டிலிருந்து காப்பாற்றாது. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்திலும், சிங்கப்பூரின் 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அனுமதியில்லை என்று தெரிந்தே நுழைவதே குற்றம், எதையும் தொடாவிட்டாலும். அங்கே இருப்பவர்கள் இந்தியச் சட்டத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

படிப்பதில் தப்பே இல்லை. பழகும் இடத்தில்தான் தப்பு நடக்கிறது. 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, கணினிக்குள் கணினியாக இரண்டு மெய்நிகர்க் கணினிகளை ஓட்டலாம். ஒன்றில் தாக்கும் கருவிகள், இன்னொன்றில் வேண்டுமென்றே ஓட்டையோடு செய்த மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் அல்லது ஜூஸ் ஷாப். நெட்வொர்க்கை 'ஹோஸ்ட் ஒன்லி' என்று வைக்க வேண்டும். பலர் 'பிரிட்ஜ்டு' என்று வைத்துவிடுகிறார்கள். அப்போது ஓட்டைக் கணினி விடுதி வைஃபையில் எல்லோருக்கும் தெரியும்படி போய் உட்காரும், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்க்கும் உங்கள் ஸ்கேனும் பக்கத்து அறைக் கணினிகளைத் தட்ட ஆரம்பிக்கும். இன்னொரு வழக்கமான சறுக்கல் முகவரி வரம்பு. ஸ்கேன் செய்ய வேண்டிய முகவரிக்குப் பின்னால் சாய்கோடு 24 என்று போட்டால் 256 முகவரிகள். கை தவறி 16 என்று அடித்தால் 65,536. கல்லூரி நெட்வொர்க் முழுவதையும் தட்டிவிட்டு, "என் கணினியை மட்டும்தான் பார்த்தேன்" என்று சொன்னால் பதிவேடு ஒத்துக்கொள்ளாது. வெளியே உள்ள ஒரு கணினியில் ஸ்கேன் செய்து பார்க்க ஆசையென்றால், ஸ்கேன் கருவியான என்மேப்பின் திட்டம் அதற்கென்றே அனுமதி தந்து வைத்திருக்கும் 'ஸ்கேன்மீ' கணினி இருக்கிறது. ஒரு நாளைக்குச் சில தடவை பார்க்கலாம், கடவுச்சொல் முயற்சியெல்லாம் கூடாது.

வேலையாகச் செய்பவர்களுக்கு அனுமதிக் கடிதம்தான் உயிர். எந்தெந்த முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த நேரத்தில், சேவையை முடக்கும் சோதனை உண்டா இல்லையா, ஏதாவது உடைந்தால் நள்ளிரவில் யாரை அழைப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுபவருக்கு அந்தச் சொத்தின் மேல் அதிகாரம் உண்டா என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். 2019 செப்டம்பரில் அயோவா மாநிலத்தில் கோல்ஃபயர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இரண்டு சோதனையாளர்கள் ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நீதிமன்றக் கட்டடத்துக்குள் இரவில் நுழைந்தார்கள். அலாரம் அடித்ததும் ஓடவில்லை, காவலர்கள் வரும்வரை இருந்து கடிதத்தைக் காட்டினார்கள். கடிதம் கொடுத்தது மாநில நீதித்துறை. கட்டடமோ கவுண்டிக்குச் சொந்தம் என்றார் ஷெரிஃப். இருவரும் கைதானார்கள். வழக்கு முழுதாகக் கைவிடப்பட 2020 ஜனவரி ஆனது. கிளவுடில் வாடகைக்கு ஓடும் சர்வர், வெளி நிறுவனம் பராமரிக்கும் பணம் செலுத்தும் பக்கம் எல்லாம் இதே ரகம்தான். வாடிக்கையாளர் சரி என்றால் மட்டும் போதாது.

யாரும் அமர்த்தாமல், தற்செயலாக ஓட்டையைக் கண்டால்? ஒரு பில் பக்கத்தின் முகவரியில் இருக்கும் எண்ணை மாற்றினால் அடுத்தவர் பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2010இல் அமெரிக்காவில் ஏடிஅண்ட்டி தளத்தில் இதேபோன்ற ஓட்டையைக் கண்ட இருவர், ஒரு நிரல் எழுதி எண்களை ஓட்டி, சுமார் 1,14,000 ஐபேட் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளை இறக்கிச் செய்தித்தளம் ஒன்றிடம் கொடுத்தார்கள். ஒருவருக்கு 41 மாதச் சிறைத்தண்டனை வந்தது. 2014இல் மேல்முறையீட்டில் அது ரத்தானதும், வழக்கைத் தவறான மாநிலத்தில் நடத்தினார்கள் என்ற காரணத்தால்தான். ஓட்டை இருக்கிறது என்று காட்ட ஓர் எண் போதும், 'எவ்வளவு பெரியது' என்று காட்ட லட்சம் எண் ஓட்டியதில்தான் மாட்டினார்கள்.

அதனால் முடிந்தவரை உங்கள் பெயரிலேயே இரண்டு கணக்கு திறந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றின் பில் தெரிகிறதா என்று பாருங்கள். பிறர் தகவல் எதிர்பாராமல் திரையில் வந்துவிட்டால் அந்த ஒன்றோடு நிறுத்துங்கள், சேமிக்காதீர்கள். தேதி, நேரம், எந்தக் கணக்கில் நுழைந்தீர்கள், எந்த எண்ணை எதற்கு மாற்றினீர்கள், என்ன வந்தது என்பதை வரிசையாக எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் வைத்தால் அதில் பெயரையும் எண்ணையும் கறுப்படியுங்கள். தளத்தின் 'வெல்-நோன்' கோப்புறையில் 'செக்யூரிட்டி டாட் டிஎக்ஸ்டி' என்ற கோப்பு இருந்தால், யாருக்கு எழுதுவது என்று அதில் இருக்கும். இல்லையென்றாலோ பதில் வரவில்லையென்றாலோ இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதலாம். முதல் கடிதத்திலேயே முழு விவரத்தையும் கொடுத்துவிடுங்கள். "பணம் கொடுத்தால் விவரம் சொல்கிறேன்" என்ற ஒரு வரி சேர்ந்தால் அது மிரட்டிப் பணம் பறிப்பதாகப் படிக்கப்படும், அதற்கு முன் நீங்கள் செய்த எல்லா நல்ல காரியத்தையும் அது தின்றுவிடும். சரிசெய்ய அவர்களுக்கு நேரம் கொடுங்கள். ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ குழு வைத்திருக்கும் 90 நாள் கெடு பலருக்கும் பழக்கமானது, அதையே நீங்களும் கேட்கலாம். அது முடியும்வரை நண்பர்கள் குழுவில்கூடப் போடாதீர்கள், ஓட்டை சரியாகிவிட்டதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று தினமும் போய்த் தட்டிக்கொண்டும் இருக்காதீர்கள்.